நீலக்கல் கூடத்துக்கு ஒரு பாராட்டு

ஒரே கப்பலில் ஏறியவர்கள் எல்லோரும் சமம் என்ற மூடநம்பிக்கை உலகத்தின் சில மூலைகளில் இன்னும் நிலவுகிறது. அதை ஒழிக்கக் கப்பல் நிறுவனங்கள் சத்தமில்லாமல் ஆற்றிவரும் தொண்டைப் பற்றி எந்தச் சரித்திர ஆசிரியரும் ஒரு வரி எழுதவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். எனக்கு அதற்கான தகுதி உண்டு. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகர மன்றத்தின் வாகன நிறுத்தத் துறையில் துணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த வண்டி எங்கே நிற்கலாம், எது எங்கேயும் நிற்கக் கூடாது என்று வேலைக்காலம் முழுவதும் தெருவில் மஞ்சள் கோடு போட்டவன். கோட்டுக்கு அந்தப் பக்கம் யாராவது தவித்துக்கொண்டு நின்றால்தான் இந்தப் பக்கம் நிற்பவனுக்கு மரியாதை என்பது எனக்கு அனுபவப் பாடம்.

பெயர் நெவில் கிரேவ்சன். மனைவி கிளெனிஸ், வேல்ஸ்காரி. ஓய்வு பெற்றதிலிருந்து வருடா வருடம் ஒரே நிறுவனத்தின் கப்பல்களில்தான் போய்க்கொண்டிருக்கிறோம். கடலில் கழிக்கும் ஒவ்வொரு இரவுக்கும் நிறுவனம் நமக்குப் புள்ளி போடும். புள்ளிகள் சேரச் சேர வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் நீலக்கல்லைத் தொடலாம். இதற்கு 'விசுவாசத் திட்டம்' என்று பெயர். விசுவாசத்துக்கு நாய்க்கு எலும்பு தருகிறார்கள்; எங்களுக்கு நீல நிறத்தில் ஒரு அட்டை தந்தார்கள். எலும்பை விட அது நீண்ட நாள் உழைக்கும்.

அந்த அட்டையைக் காட்டினால் 'லேடி ஆர்லெட்' கப்பலின் பன்னிரண்டாம் தளத்தில், பனி படிந்த மாதிரியான ஒரு கண்ணாடிக் கதவு திறக்கும். அதற்குள்தான் நீலக்கல் ஓய்வுக்கூடம். அங்கே தேநீர் உண்டு, சீஸ் உண்டு, ஆலிவ் காய் உண்டு, வெள்ளரிக்காய் சாண்ட்விச் உண்டு. இதெல்லாம் கீழே பொதுச் சாப்பாட்டுக் கூடத்திலும் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். கிடைக்கிறது. ஆனால் கீழே சாண்ட்விச்சின் ஓரத்தை வெட்டுவதில்லை.

போன ஜூன் மாதம் சௌத்தாம்ப்டனிலிருந்து நார்வேக்குப் புறப்பட்டபோது எங்களோடு கிளெனிஸின் அக்கா ரோன்வென்னும் வந்தாள். ஸ்வான்சியில் தனியாக இருப்பவள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவள். இரண்டு வருடமாக அவள் கண்ணின் நடுப்பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. ஓரங்கள் தெரியும், நேராகப் பார்ப்பது தெரியாது. எதிரில் இருப்பவரின் காதும் தோளும் தெரியும், முகம் இருக்கிற இடத்தில் ஒரு புகைதான் இருக்கும். இதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்ன அன்றே அவள் தங்கையிடம் தொலைபேசியில் பேசினாள். மலைகளைப் பிளந்துகொண்டு கடல் உள்ளே போகும் அந்த ஃபியோர்டையும், அங்கே பக்கத்தில் பக்கத்தில் விழுகிற 'ஏழு சகோதரிகள்' அருவியையும், ஓரப் பார்வையாவது மிச்சமிருக்கும்போதே தங்கையோடு நின்று பார்த்துவிட வேண்டும் என்றாள். அவள் கையில் இருந்த பணத்துக்கு ஐந்தாம் தளத்தில் ஜன்னல் இல்லாத அறைதான் கிடைத்தது. கப்பலில் ஏறுவது இதுவே முதல் தடவை. அதாவது, நிறுவனத்தின் பார்வையில் அவள் இன்னும் பிறக்கவே இல்லை.

கப்பல் கிளம்பிய அன்று மாலையே அந்தக் கண்ணாடிக் கதவின் முன்னால் இந்த உண்மை வெளிப்பட்டது. கதவுக்குப் பொறுப்பாக இருந்த மரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் பெண் என் அட்டையைப் பார்த்தாள், கிளெனிஸின் அட்டையைப் பார்த்தாள், ரோன்வென்னின் வெள்ளை அட்டையைப் பார்த்தாள். பிறகு சிரித்த முகம் மாறாமல், நீல அட்டை இல்லாதவர்களை உள்ளே விடத் தனக்கு அனுமதி இல்லை என்று சொன்னாள். கூடப் பிறந்தவளாயிற்றே என்று கிளெனிஸ் கேட்டதற்கு, கூடப் பிறப்பதற்குப் புள்ளி கிடையாது என்பதை மரிசெல் மிக நாகரிகமாக விளக்கினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. விதி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

"உள்ள அப்படி என்ன நெவில் இருக்கு?" என்று ரோன்வென் கேட்டாள்.

"ஓய்வெடுக்கலாம்."

"எதுலேர்ந்து? நாம லீவுலதானே வந்திருக்கோம்?"

இதற்கு விதிப் புத்தகத்தில் பதில் இல்லை. கிளெனிஸ் தன் நீல அட்டையைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ உள்ள போய் ஓய்வெடு நெவில். நாங்க கீழ போய்க் களைப்பா இருக்கோம்" என்றாள்.

போய்விட்டார்கள். நான் உள்ளே போனேன். ஆசையினால் அல்ல, நமக்கென்று ஒதுக்கப்பட்டதை நாமே மதிக்காவிட்டால் நாளைக்கு வேறு யார் மதிப்பார்கள்?

உள்ளே உட்கார இடமில்லை. நிறுவனம் எங்கள் விசுவாசத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வளர்த்துவிட்டிருந்தது. கப்பலில் பாதிப்பேர் நீல அட்டைக்காரர்கள். நாற்காலிகளில் ஆட்களை விட அதிகமாக ஸ்வெட்டர்களும் பாதி படித்த நாவல்களும் உட்கார்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. மற்றவர்கள் கையில் தட்டோடு சுவரில் சாய்ந்து நின்றார்கள். அதே நேரம் ஐந்தாம் தளத்தில், எல்லோருக்கும் பொதுவான மதுக்கூடத்தில், அலை எழும்பி ஜன்னலைத் தொடுகிற மாதிரியான இடத்தில், மெத்தை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றால் அங்கே யார் போய் உட்காருவார்கள்?

ஸ்வெட்டர் வைத்து மூன்று நாற்காலி பிடித்திருந்த டெரிக் வின்ஸ்லேட் என்ற மனிதர் எனக்கு ஒன்றைத் தந்தார். பிரெஸ்டன் நகரத்தில் தரைவிரிப்புக் கடை வைத்திருந்தவர். அவரும் நீலக்கல். உட்கார்ந்ததும் அவர் என் காதருகே குனிந்து, கூடத்தின் நெரிசலுக்கு யார் காரணம் என்று சொன்னார். சூட்காரர்கள்.

விஷயம் இதுதான். கப்பலின் பெரிய அறைகளை, அதாவது 'சூட்'களை, எடுப்பவர்களுக்கும் இந்தக் கூடத்தில் உரிமை உண்டு. நாங்கள் வருடக் கணக்கில், வயிற்றுப்போக்கும் புயலும் பாராமல், இரவு இரவாகச் சேர்த்துச் சம்பாதித்த உரிமையை அவர்கள் ஒரே நாளில் காசு கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். சூட்காரர்கள் என்று சொன்னாலே டெரிக்குக்குச் சூடு ஏறியது. எனக்கும் ஏறியது. அவர்களும் எங்களைப் பார்த்து, சலுகைக் கட்டணத்தில் வந்த கூட்டம் முழுக் கட்டணம் கொடுத்தவர்களின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று பேசிக்கொள்வதாகத் தகவல் வந்தது. ஒரே சீஸ் தட்டைச் சுற்றி இரண்டு நாகரிகங்கள் நின்று ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

அவர்களில் மிகப் பெரிய சூட்டில் இருந்தவள் திருமதி பெனலோப் கார்ஸ்டேர்ஸ். பாத் நகரத்து விதவை. எண்பதாவது பிறந்தநாளுக்கு அவள் மகன்கள் டிக்கெட் எடுத்துத் தனியாக ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ஒரு தேநீர்க் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து நின்று, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டாள்:

"இங்க எல்லாரும் யாருக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க?"

யாருக்காகவும் இல்லை, இதுதான் அந்த இடம் என்றேன். அவள் நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

மறுநாள் டெரிக் தலைமையில் விசுவாசிகளின் முதல் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. 'சம்பாதித்த உரிமையும் வாங்கிய உரிமையும் ஒன்றாகா' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தூதுக்குழு ஒன்று விருந்தோம்பல் மேலாளரைப் போய்ப் பார்த்தது. அவர் டச்சுக்காரர், எதைக் கேட்டாலும் தலையசைத்து, அது தன் மனதுக்கு மிகவும் நெருக்கமான விஷயம் என்று சொல்லக்கூடியவர். மாலைக்குள் கூடத்தின் நடுவே பித்தளைக் கம்பங்கள் நட்டு ஒரு சிவப்புக் கயிறு கட்டிவிட்டார். இந்தப் பக்கம் விசுவாசம், அந்தப் பக்கம் சூட்.

கயிறு வந்ததும் அமைதி வரும் என்று எதிர்பார்த்தோம். வந்தது ஆலிவ். எங்கள் பக்கத்து ஆலிவ் காயில் கொட்டை இருந்தது. அவர்கள் பக்கத்தில் கொட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பாதாம் பருப்பை வைத்திருந்தார்கள். டெரிக் தற்செயலாகக் கயிற்றுக்கு மேலே கையை நீட்டி ஒன்றை எடுத்துக் கடித்ததில் இது அம்பலமானது. இரண்டாவது கூட்டம் அவசரமாகக் கூட்டப்பட்டது. மேலாளரின் மனதுக்கு இதுவும் நெருக்கமான விஷயமாகவே இருந்தது. விசுவாசிகளிலும் தலைசிறந்த விசுவாசிகளுக்கென்று, மூலையில் பிளாஸ்டிக் செடித் தொட்டிகளை வரிசையாக வைத்து ஓர் 'உள்வட்டம்' அமைத்துத் தருவதாகவும், அதில் பாதாம் ஆலிவ் பரிமாறப்படும் என்றும் வாக்குக் கொடுத்தார். உள்வட்டத்துக்கு யார் யார் தகுதியானவர்கள் என்று நாங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றார். ஆழ்ந்த ராஜதந்திரி.

இடையில் இன்னொரு தொல்லை. கூடத்தின் ஜன்னல்களுக்கு வெளியே திறந்த நடைபாதை ஓடுகிறது. வெள்ளை அட்டைப் பொதுமக்கள் அங்கே உலாவும்போது கண்ணாடியில் மூக்கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒரு ஆள் சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் தன் மனைவியைக் கூப்பிட்டு எங்களைக் காட்டினார். இருவரும் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஆகவே திரைச்சீலைகளை எப்போதும் மூடியே வைப்பது என்று முடிவானது. அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தது நான்தான். கைதட்டல் கிடைத்தது. வாகன நிறுத்தத் துறையில் எனக்குக் கைதட்டல் கிடைத்ததே இல்லை.

இதையெல்லாம் அன்றன்று இரவுச் சாப்பாட்டில் கிளெனிஸிடமும் ரோன்வென்னிடமும் அறிக்கையாகச் சமர்ப்பித்து வந்தேன். சாப்பாட்டு மேசை மட்டும் மூவருக்கும் பொது. அவர்கள் கதை எனக்குச் சப்பென்று இருந்தது. ஐந்தாம் தளத்து மதுக்கூடத்தில் சீட்டாடினார்களாம். கிளாஸ்கோவில் பஸ் ஓட்டும் ஒருவர் ரோன்வென்னுக்காகச் சீட்டில் கறுப்பு மையால் பெரிய பெரிய எண்களை எழுதித் தந்தாராம். பிறகு அவளிடமே தோற்றாராம்.

ஃபியோர்டுக்குள் நுழைவதற்கு முந்தின இரவு, மீன் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு ரோன்வென் என் பக்கம் திரும்பினாள். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, நம் காதைப் பார்ப்பது போலப் பார்ப்பாள்.

"நாளைக்கு நீ என் பக்கத்துல நிக்கணும் நெவில்" என்றாள். "இவ எதைப் பார்த்தாலும் அழகா இருக்குன்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுவா. நீ அப்படி இல்ல. நீ அளந்து சொல்லுவ. எது இடது, எது வலது, எவ்வளவு உயரம், எங்க வளையுதுன்னு. ஊரே உன்னை அதுக்காகத் திட்டிச்சு. எனக்கு அதுதான் வேணும். நடுவுல இருக்கிறதை நீ சொல்லு. ஓரத்தை நான் பார்த்துக்கறேன்."

என் தொழிலை அப்படி யாரும் தேவை என்று கேட்டதில்லை. கண்டிப்பாக வருகிறேன் என்றேன். என் பழைய பைனாகுலரை எடுத்து வருவதாகவும் சொன்னேன். கிளெனிஸ் என்னைப் பார்த்த பார்வையில் வெகு நாள் காணாத ஒரு கனிவு இருந்தது. இரவு படுக்கப் போகும் முன் பைனாகுலரின் கண்ணாடியைத் துடைத்து மேசைமேல் வைத்தேன்.

காலையில்தான் தெரிந்தது, உள்வட்டத் தேர்வுக்கான கூட்டம் அன்றைக்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று. டெரிக்கின் யோசனை. பொதுமக்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க மேல்தளத்துக்குப் போய்விடுவார்கள், நிம்மதியாகப் பேசலாம் என்பது அவர் கணக்கு. நான் கிளெனிஸிடம் ஒரே ஒரு ஓட்டுதான், போட்ட கையோடு ஓடி வந்துவிடுகிறேன் என்றேன். அவள் பைனாகுலரை என் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனாள்.

கூட்டம் தொடங்கியது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த திருமதி கார்ஸ்டேர்ஸ், வெளியே என்ன நடக்கிறது என்று மரிசெல்லிடம் விசாரித்தாள். தெரிந்ததும் கோப்பையை வைத்துவிட்டு, கயிற்றைத் தூக்கி அதன் அடியில் குனிந்து, எங்கள் கூட்டத்தின் நடுவாக நடந்து வெளியேறினாள். அத்துமீறல் என்று டெரிக் குறித்துக்கொண்டார்.

விவாதம் எதிர்பாராத ஆழத்துக்குப் போய்விட்டது. உள்வட்டத்தின் முதல் உறுப்பினராக இருக்க டெரிக்குக்கும் எனக்கும் போட்டி. இரவுகளில் அவர் என்னை விடச் சற்று முந்தியிருந்தார். ஆனால் அவற்றில் சில, ஸ்பெயின் துறைமுகம் ஒன்றில் பாதிப்பேருக்கு வாந்தி எடுத்து யாரையும் இறங்க விடாமல் கப்பலைக் கட்டிப்போட்டிருந்த இரவுகள். நகராத கப்பலில் கழித்த இரவைப் பயணம் என்று சொல்ல முடியாது, அது வாகன நிறுத்தம், அதில் நான் நிபுணன் என்று வாதாடினேன். நல்ல வாதம்தான், இப்போதும் சொல்வேன்.

அப்போது கப்பலின் சங்கு ஒலித்தது. மலைகள் அதைத் திருப்பி ஒலித்தன. திரைச்சீலைக்கு வெளியே நூற்றுக்கணக்கான பேர் ஒரே மூச்சில் ஏதோ சொன்னது கேட்டது. மரிசெல் கதவைக் கொஞ்சம் திறந்து தலையை நீட்டினாள்.

"சார், அருவி வந்திருக்கு."

"அட்டை வெச்சிருக்கா?" என்று கேட்டார் டெரிக். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே எழுந்திருக்கப் பார்த்தேன். எழுந்துபோனால் போட்டியிலிருந்து விலகியதாகவே கருதப்படும் என்று டெரிக் சொன்னார். கழுத்தில் பைனாகுலர் கனத்தது. பாதி எழுந்தவன் அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உட்கார்ந்தேன்.

வென்றேன். தகுதி வரம்பை நான் அவ்வளவு துல்லியமாக வகுத்துக் கொடுத்திருந்ததால் என்னைத் தவிர வேறு யாரும் அதற்குள் வரவில்லை. செடித் தொட்டிகளுக்குப் பின்னால் போய் நான் மட்டும் உட்கார்ந்தேன். மரிசெல் ஒரு சின்னக் கிண்ணத்தில் பாதாம் வைத்த ஆலிவ்களைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். பாதாம் கொஞ்சம் நமுத்திருந்தது.

மேல்தளத்துக்கு நான் ஓடியபோது கப்பல் அருவிகளைத் தாண்டி, ஒரு வளைவையும் தாண்டி, ஆடு மேயும் ஒரு சாதாரண மலைச்சரிவுக்கு வந்திருந்தது. இங்கிலாந்திலேயே பார்க்கலாம் அப்படி ஒன்றை. கம்பிக்கு அருகே ஒரு கூட்டம். அதன் நடுவே ரோன்வென், கன்னமெல்லாம் நீர்த்திவலை, சிரித்துக்கொண்டிருந்தாள். அவளது ஒரு கையைக் கிளெனிஸும் இன்னொரு கையைத் திருமதி கார்ஸ்டேர்ஸும் பிடித்திருந்தார்கள்.

நடந்ததைப் பிறகு தெரிந்துகொண்டேன். என்னை எதிர்பார்த்துக் கிளெனிஸ் படிக்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அருவி நெருங்கியதும் வேறு வழியில்லாமல், அழகா இருக்கு, ரொம்ப அழகா இருக்கு என்று ஆரம்பித்தாளாம். ரோன்வென் தலையாட்டிக்கொண்டே இருந்தாளாம். அப்போது பின்னால் வந்து நின்ற திருமதி கார்ஸ்டேர்ஸ், உயரத்தில் ஒரு மாவு மூட்டையைக் கிழித்துக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது என்றாள். கிளாஸ்கோ பஸ்காரர், இல்லை என்று மறுத்தார். ஏழு குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்துபோன ஒரு பிளம்பரின் வேலை இது என்றார். நர்ஸாக இருந்த ஒருத்தி, கட்டுத்துணிச் சுருள் கைதவறி அவிழ்ந்து ஓடுகிறது என்றாள். ஆறாவதை அருவியாகக் கணக்கில் எடுக்கலாமா கூடாதா என்று இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் ரோன்வென்னைச் சுற்றி நின்று, நடுவில் இருப்பதைத் துண்டு துண்டாக அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். ரோன்வென் என் காதைப் பார்த்தாள்.

"நெவில்தானே? எதிர்க்கரையில ஒரு அருவி தனியா நிக்குதாம். ஏழு பேரையும் பொண்ணு கேட்டு, ஒருத்தியும் சம்மதிக்காம, குடியில விழுந்துட்ட மாப்பிள்ளையாம் அது. பாட்டில் மாதிரி கூடத் தெரியுமாம். எனக்கு உன் ஞாபகம் வந்துச்சு."

கூட்டம் சிரித்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அதை விடு. உள்ள எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லு. இந்தக் கப்பல்ல நான் பார்க்காத இடம் அது ஒண்ணுதான். அளந்து சொல்லு."

நான் சொன்னேன். பழக்கம் விடவில்லை. இடது பக்கம் மூடின திரைச்சீலை. வலது பக்கம் சிவப்புக் கயிறு. எதிரில் பிளாஸ்டிக் இலை, ஒரு ஆள் உட்கார்ந்தால் தலை மறையும் உயரம். மேசையில் ஒரு கிண்ணம். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"நல்லாச் சொன்ன" என்றாள் ரோன்வென். "எனக்கு அப்படியே தெரியுது."

கிளெனிஸ் அறைக்கு வந்து, ஈரக் கோட்டைக் கழற்றி மாட்டும்போது, என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

"ராத்திரி ரொம்ப நேரம் அக்கா தூங்கல நெவில். நீ எப்படிச் சொல்லுவன்னு அவ ரூம்ல எங்கிட்டப் பேசிக் காட்டிக்கிட்டே இருந்தா. உன் குரல்லயே."

அதன் பிறகு வீடு திரும்பும் வரைக்கும் திருமதி கார்ஸ்டேர்ஸ் பன்னிரண்டாம் தளத்துப் பக்கம் வரவே இல்லை. தன் சூட்டுக்கு வந்து சேரும் பழக்கூடையையும் சாக்லேட்டையும் பணியாளர் கையில் கொடுத்து ஐந்தாம் தளத்துக்கு அனுப்பிவிடுவாளாம். நானும் ஒருநாள் சாயங்காலம் அங்கே இறங்கிப் போனேன். ஜன்னலோரத்தில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ரோன்வென் எதையோ பாட, பஸ்காரர் தப்புத் தாளத்தில் மேசையைத் தட்டினார். கிளெனிஸ் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் நுழைவாயிலில் நின்றேன். அட்டை கேட்க ஆளில்லை. கதவுகூட இல்லை. கதவில்லாத ஓர் இடத்துக்குள் எப்படி நுழைவது என்று எனக்குத் தெரியவில்லை. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, உள்வட்டத்தில் என் நாற்காலியை டெரிக் பிடித்துவிடுவாரே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு மேலே ஏறினேன்.

சௌத்தாம்ப்டனில் மழை பெய்துகொண்டிருந்தது. நீலக்கல் உள்வட்டத்தினர் கப்பலிலிருந்து எல்லோருக்கும் முதலில் இறங்கலாம். அது எங்கள் சலுகைகளின் சிகரம். ஒலிபெருக்கியில் உள்வட்டத்தினரை அழைத்தார்கள், நான் எழுந்தேன். கிளெனிஸுக்கும் சேர்த்துத்தான் சலுகை. அவளோ அக்காவோடு வருவதாகச் சொல்லிவிட்டாள். கம்பளம் விரித்த தனிப் பாலத்தின் வழியாக நான் ஒருவனே நடந்து இறங்கினேன். சிப்பந்திகள் இரண்டு வரிசையில் நின்று வணங்கினார்கள். கீழே வந்து, பெட்டிகள் குவிந்திருந்த கொட்டகையின் ஓரத்தில், ஒழுகாத இடமாகப் பார்த்து நின்றேன். வெள்ளை அட்டைக்காரர்கள் கடைசியில்தான் இறங்குவார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

நிறுவனத்தின் நீலக் கோட்டு அணிந்த ஓர் இளம்பெண் கையில் டேப்லெட்டோடு வந்தாள். முதலில் இறங்கியவர்களின் கருத்து அவர்களுக்கு மிக முக்கியமாம். சாப்பாடு எப்படி, வரவேற்பு எப்படி, ஓய்வுக்கூடத்தின் தனிமை மனநிறைவு தந்ததா என்று வரிசையாகக் கேட்டாள். தனிமைக்கு முழு மதிப்பெண் போடச் சொன்னேன். அதில் ஒரு சந்தேகமும் இல்லை. மனைவியோடும் அவள் அக்காவோடும் ஏறிய ஒருவனை, கடுமையாக ஒரு சொல் பேசாமல், கையைப் பிடித்து இழுக்காமல், ஆலிவ் காய் கொடுத்தே அவர்களிடமிருந்து பிரித்து, இத்தனை மரியாதையாகத் தனியாக இறக்கிவிட வேறு எந்த நிறுவனத்தால் முடியும்?

அந்த நேரம் பொதுப் பாலத்தின் வழியாக அவர்கள் வந்தார்கள். ஒரே குடைக்குள் மூன்று பெண்கள். ரோன்வென் நடுவில், ஒரு பக்கம் திருமதி கார்ஸ்டேர்ஸ். கிளெனிஸ் படிகளைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அழகா இருக்கு என்று சொல்லவில்லை, இடது கால், ஈரம், அரை அடி இறக்கம் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தக் கணக்கை அவள் எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டிய ஆள் யார் என்பதும் தெரியும்.

"கடைசிக் கேள்வி சார்" என்றாள் அந்தப் பெண். "கூடத்துல குறைன்னு ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா" என்றேன். "பயணம் முழுக்க உள்ளயே உட்கார்ந்திருந்துச்சு."

அவள் தலையசைத்து, 'இருக்கை வசதி' என்ற தலைப்பின் கீழ் அதைக் குறித்துக்கொண்டாள்.